வென்டிலேட்டரே நுரையீரலைக் கெடுத்துவிடுமா?

“கடும் நிமோனியா வந்து அம்மா ஒரு வாரமாக வென்டிலேட்டரில் இருக்கிறார். அந்த மெஷினே நுரையீரலைக் கெடுத்துவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள், உண்மையா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதினோரு வருடமாக ஐசியு நர்ஸாக இருக்கிறேன். மறைக்காமல் சொல்கிறேன்: கெடுக்கக்கூடும். அது தெரிந்துதான் தடுப்பதற்கு இத்தனை பாடுபடுகிறோம்.

நாம் மூச்சு இழுக்கும்போது நெஞ்சு விரிந்து காற்றை உள்ளே வாங்குகிறது. வென்டிலேட்டரோ காற்றை உள்ளே தள்ளுகிறது. கடும் நிமோனியாவில் நுரையீரலின் பெரும்பகுதி நீர் கோத்து அடைத்துப் போயிருக்கும். தள்ளுகிற காற்று அந்தப் பக்கம் போகாது. மிச்சமிருக்கும் நல்ல பகுதிக்குள் புகுந்து அதை ஊதிப் பெருக்கிப் புண்ணாக்கிவிடும். படுத்திருப்பவர் பெரிய ஆள்தான், வேலை செய்யும் நுரையீரல் ஒரு குழந்தையின் அளவுதான்.

முன்பெல்லாம் ஒரு மூச்சுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிக்கு மேல் காற்று கொடுப்பது வழக்கம். 2000-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று அதை மாற்றியது. இப்படி நுரையீரல் பழுதான 861 பேரில், 12 மில்லி கொடுத்தவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள். 6 மில்லி கொடுத்தவர்களில் 31 சதவீதம். புது மருந்து எதுவும் இல்லை. மூச்சைச் சின்னதாக்கினார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கிலோ என்பது எடை மெஷின் காட்டும் கிலோ அல்ல, உயரத்தை வைத்துப் போடும் கணக்கு. உடம்பு பருத்தாலும் நுரையீரல் வளராது இல்லையா? 150 செ.மீ. உயரமுள்ள பெண் 70 கிலோ இருந்தாலும், கணக்குக்கு 43 கிலோதான். கிலோவுக்கு 6 மில்லி என்றால் மூச்சுக்குச் சுமார் 260 மில்லி போதும். 70-ஐப் பெருக்கினால் 420 ஆகிவிடும். குள்ளமான பெண்களுக்குத்தான் இந்தத் தவறு அதிகம் நடக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாட்டிக்கு கேஸ் ஷீட்டில் உயரம் குத்துமதிப்பாக 160 செ.மீ. என்று எழுதியிருந்தார்கள். சீனியர் அக்கா ஒருவர் தையல் டேப்பை எடுத்தார். ஒரு நுனியை உச்சந்தலையில் பிடிக்கச் சொல்லி, போர்வையை விலக்கி, முழங்காலை நீட்டிவிட்டு, குதிகால் வரை இழுத்தார். 146! அந்த ராத்திரியே டாக்டரைக் கூப்பிட்டு மூச்சின் அளவைக் குறைத்தோம். அன்றிலிருந்து என் பையில் ஒரு டேப் இருக்கிறது.

அப்புறம், மூச்சை ஒரு நொடி நிறுத்தி நுரையீரலுக்குள் அழுத்தம் 30 செ.மீ. நீர் அளவைத் தாண்டுகிறதா என்று பார்ப்போம். மூச்சு வெளியே போன பிறகும் காற்றுப் பைகள் சுருங்கி மூடிக்கொள்ளாதபடி கொஞ்சம் அழுத்தம் விட்டுவைப்போம். தலைப்பக்கத்தைக் குறைந்தது 30 டிகிரி உயர்த்தி, வாயைச் சுத்தம் செய்துகொண்டே இருப்போம்.

ஆக்சிஜன் ஏறவே இல்லையென்றால் குப்புறப் படுக்க வைப்பார்கள். பார்க்கப் பயமாக இருக்கும், முகம்கூட வீங்கும். ஆனால் 2013-ல் வந்த பிரான்ஸ் ஆய்வில், நாளுக்கு 16 மணி நேரமாவது அப்படிப் படுக்க வைத்தவர்களிடம் இறப்பு 32.8-லிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. திருப்புவதற்கு நாங்கள் ஐந்து பேர் நிற்போம். ஒருவருக்கு ட்யூபைப் பிடிப்பது மட்டுமே வேலை.

நாளைக்கு அம்மாவைப் பார்க்கப் போகும்போது அவர் உயரத்தை அளந்துதான் போட்டிருக்கிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள். நாங்கள் தப்பாக நினைக்க மாட்டோம்.