ஊசியைப் போட்டால் குண்டாகிறதாம்!

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. ஒன்பது வயதிலிருந்தே டைப் 1 சர்க்கரை. நன்றாகத்தான் சாப்பிடுகிறாள், ஆனால் மூன்று மாதத்தில் 6 கிலோ இளைத்துவிட்டாள். ஊசி போட்டாயா என்றால், "போட்டேம்மா" என்கிறாள். ஒரு வாரத்தில் தீர வேண்டிய இன்சுலின் பேனாவோ மூன்று வாரமாகியும் தீரவில்லை. "ஊசியைப் போட்டாத்தான் குண்டாகுது" என்று தோழியிடம் சொன்னதையும் கேட்டுவிட்டேன். திட்டினேன். இரண்டு நாளாகப் பேசவில்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் கணக்கு சரிதான். ஒரு பேனாவில் 300 யூனிட் இருக்கும்; தினம் 40 யூனிட் போட்டால் ஏழரை நாள்தான் வரும், மூன்று வாரம் ஓடுகிறதென்றால் மூன்றில் ஒரு பங்குதான் உடம்புக்குள் போகிறது. ஆனால் இதைப் பொய், சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எடை பயத்தில் ஊசியைக் குறைப்பதும் ஓர் உணவுக் கோளாறுதான் (சாப்பாடும் எடையும் மனதைப் பிடித்தாட்டும் நோய்), டைப் 1 உள்ள பிள்ளைகளிடம் மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பதுதான்.

அவள் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் சிக்கலே. இன்சுலின் போதாதபோது சாப்பிட்ட சர்க்கரை உடம்பில் சேராமல் சிறுநீரில் போய்விடும், கொழுப்பும் தசையும் கரையும், எடை இறங்கும். நோய் வந்த புதிதில் மெலிந்திருப்பாள், ஊசி ஆரம்பித்ததும் எடை ஏறியிருக்கும். அது அவள் மனதில் அப்படியே பதிந்திருக்கலாம். அப்புறம், தட்டில் விழும் ஒவ்வொரு கவளத்தையும் எண்ணச் சொல்லி வளர்த்ததும் நாம்தானே, மருத்துவமனைக்குப் போனாலும் முதல் வேலை எடை மெஷினில் ஏறுவதுதான்.

அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம், இன்றே டாக்டரிடம் பேசுங்கள். கீட்டோன் (இன்சுலின் போதாமல் கொழுப்பு கரையும்போது இரத்தத்தில் சேரும் அமிலம்) பார்க்க வேண்டும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சில் பழ வாடை, வேகமாக ஆழ்ந்து மூச்சு வாங்குவது, இதில் ஏதாவது இருந்தால் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள், அது உயிருக்கே ஆபத்து. வெளியே ஒன்றும் தெரியாமலேயே கண்ணும் சிறுநீரகமும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கெடவும் வாய்ப்பு உண்டு. ஆனால் இதைச் சொல்லி அவளைப் பயமுறுத்தாதீர்கள், சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கும்.

பழைய டோஸை நீங்களாக ஒரேயடியாக ஏற்றிவிடாதீர்கள். எவ்வளவு, எந்த வேகத்தில் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஊசி ஒழுங்கானதும் உடம்பில் நீர் கோத்துக் காலும் முகமும் வீங்கலாம், எடை மளமளவென்று ஏறியதுபோல் தெரியும். அது கொழுப்பல்ல, பெரும்பாலும் சில வாரங்களில் வடிந்துவிடும். இதை முன்கூட்டியே அவளிடம் சொல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே மறுபடி ஊசியை நிறுத்திவிடுவாள்.

சர்க்கரை டாக்டரோடு, உணவுக் கோளாறு தெரிந்த மனநல நிபுணரும் வேண்டும், இருவரும் தங்களுக்குள் பேசிக்கொள்பவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. எடை பார்க்கும்போது அவளை மெஷினுக்கு முதுகு காட்டி நிற்கவிடச் சொல்லிக் கேளுங்கள், எண்ணை அவளிடம் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில், கொஞ்ச நாளைக்கு ஊசி போடும் வேலையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். தண்டனை மாதிரி வேண்டாம். "திட்டினது என் தப்பு. ஏழு வருஷமா நீயே சுமந்துட்ட, கொஞ்ச நாள் நான் பார்த்துக்கறேன்" என்று நீங்களே பேச்சை ஆரம்பியுங்கள்.