இடது பக்கம் இருபது மைல்

ஐப்பசி பிறந்ததும் எங்கள் பக்கம் துலாமழை இறங்கிவிட்டது. மத்தியானம் தாண்டினால் வாளையார் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. கூடவே விமானத்தைப் பற்றிய கேள்விகளும் வருகின்றன. ஏடிசியில், அதாவது விமானங்களுக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டு அறையில், வேலை பார்த்து ஓய்வுபெற்றுக் கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்பியவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: இடிமேகத்துக்கு மேலே ஏறிப் பறந்துவிட்டால் என்ன சார்? (கோவிந்தாபுரம்)

பதில்: ஏற முடியாது. பயணிகள் விமானம் பெரும்பாலும் 35,000 முதல் 41,000 அடி உயரத்தில் போகும். நம் ஊர் இடிமேகம் நன்றாக வளர்ந்தால் 50,000 அடியைத் தாண்டும். சுற்றித்தான் போக வேண்டும்.

கேள்வி: ராத்திரியில் மேகம் எப்படி ஐயா தெரியும்? (மீனாட்சிபுரம்)

பதில்: விமானத்தின் மூக்குக்குள் வானிலை ராடார் இருக்கிறது. அது அனுப்பும் அலை மழைத்துளியில் பட்டுத் திரும்பும். லேசான மழை பச்சை, அடுத்து மஞ்சள், கொட்டும் மழை சிவப்பு. இதில் ஒரு சூது உண்டு. முன்னால் இருக்கும் கனமழை அலையையெல்லாம் விழுங்கிவிட்டால், அதற்குப் பின்னால் இருக்கும் பெரிய மழை திரையில் வெறும் கறுப்பாகத் தெரியும். வழி திறந்திருக்கிறது என்று நம்பி நுழைந்தால் போச்சு. 1977இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு டிசி-9 விமானம் இடிமழைக்குள் போய், மழையும் ஆலங்கட்டியும் புகுந்து இரண்டு என்ஜினும் நின்று விழுந்தது. கேப்டன் ராடாரை நம்பி நுழைந்தது, ஏடிசி வழியாகப் புயல் தகவல் உரிய நேரத்தில் கிடைக்காதது இரண்டையுமே விசாரணை அறிக்கை குறிப்பிட்டது.

கேள்வி: மேகத்தைப் பார்த்ததும் விமானி தானாகத் திருப்பிக்கொள்வாரா, உங்களைக் கேட்க வேண்டுமா? (சித்தூர்)

பதில்: கேட்க வேண்டும். அவருக்கு மழை தெரியும். சுற்றிலும் யார் யார் பறக்கிறார்கள் என்பது எங்களுக்குத்தான் முழுதாகத் தெரியும். “வானிலை காரணமாக இடது பக்கம் இருபது மைல் விலக வேண்டும்” என்பார். பெரிய இடிமேகத்துக்கு விட வேண்டிய இடைவெளி அது. கடல் மைல் என்பதால் கிட்டத்தட்ட 37 கிலோமீட்டர். நம் பாலக்காட்டுக் கணவாயின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். உடனே திரையில் அந்தப் பக்கத்தைப் பார்ப்போம். கோவையில் இறங்கும் விமானம் இருக்கலாம், சூலூர் விமானப்படையின் பறப்பு இருக்கலாம். காலியாக இருந்தால், “விலகுங்கள், தாண்டியதும் சொல்லுங்கள்” என்போம்.

துலாமழை சாயங்காலத்தில் எல்லோருக்கும் ஒரே சந்துதான் வேண்டும். ஒருவருக்கு வழி விட்டு முடிப்பதற்குள் அடுத்தவர் அழைப்பார். குரல் நிதானமாகத்தான் போகும். மேசைக்குக் கீழே கால் ஆடிக்கொண்டிருக்கும். முன்னால் போனவர் “ரொம்பக் குலுக்குகிறது” என்றால் பின்னால் வருபவருக்கு அதை உடனே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: நீங்கள் முடியாது என்றால்? (சித்தூர், அதே நண்பர்)

பதில்: சும்மா முடியாது என்று விட்டுவிட மாட்டோம். வலது பக்கம் சரியா, வேறு உயரம் சரியா என்று கேட்போம். விலகியே ஆக வேண்டும் என்றால் விமானி அதை அழுத்திச் சொல்வார்; முன்னுரிமை கிடைக்கும். ஆபத்து என்றால் கடைசி முடிவு கேப்டனுடையது. ஆனாலும் எல்லை குறுக்கே வந்தால் சிக்கல்தான். 2025 மே மாதம் டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் போன விமானம், பதான்கோட் அருகே சர்வதேச எல்லைப் பக்கம் விலகக் கேட்டது; நம் ஏடிசி அனுமதிக்கவில்லை. லாகூரும் மறுத்தது. ஆலங்கட்டி மழைக்குள்ளேயே போய், மூக்கு உடைந்த நிலையில் ஸ்ரீநகரில் பத்திரமாக இறங்கியது.

கேள்வி: அண்ணா, நான் துபாயில் இருக்கிறேன். மின்னல் அடித்துவிடும் என்று அம்மா பயப்படுகிறார்கள். (கொழிஞ்சாம்பாறை)

பதில்: மின்னல் விமானத்தின் வெளித்தகட்டில் ஓடி வெளியேறிவிடும். அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். நீங்கள் பயப்பட வேண்டியது குலுக்கலுக்கு, பெல்ட்டைக் கழற்றாதீர்கள்.

கேள்வி: கொச்சிக்கு மேலே அரை மணி நேரம் எதற்குச் சுற்ற வைக்கிறார்கள்? (வாளையார்)

பதில்: ஒரு தனி இடிமேகம் பெரும்பாலும் அரை மணி, ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும் என்பதால்தான். அடங்காவிட்டால், மாற்று விமான நிலையத்துக்கென்று ஒதுக்கிய எரிபொருளில் கை வைப்பதற்கு முன்பே கோவைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய்விட வேண்டும். கோவை என்றால் நமக்குப் பக்கம், அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் இறங்க விடமாட்டார்கள். எரிபொருள் போட்டுக்கொண்டு மறுபடி கொச்சிக்கேதான்.