போர்ச்சுகலில் உண்மையான மீனவ ஊர் ஒன்றைப் பார்க்க எங்கே போகலாம்?

நான் நசரேயைத்தான் சொல்வேன். லிஸ்பனிலிருந்து வடக்கே பஸ்ஸில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பலரும் ராட்சத அலைக்காகவே போகிறார்கள். 2020 அக்டோபரில் ஒருவர் 26.21 மீட்டர் உயர அலையில் சறுக்கியது இங்கேதான். கரையை நெருங்கி வரும் ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு அலையைக் குவித்து எழுப்பிவிடுகிறது. அது குளிர்காலக் காட்சி. கோடையில் போய்விட்டு அலையைக் காணோமே என்று புலம்பக் கூடாது.

எனக்குப் பிடித்தது கீழே மணலில் இருக்கிறது. மரச்சட்டங்களில் வலையை இழுத்துக் கட்டி, வயிறு பிளந்து உப்புநீரில் ஊறவைத்த பாரை இனத்துச் சிறுமீன்களைப் பெண்கள் வெயிலில் விரித்துக் காயவைக்கிறார்கள். சில மூதாட்டிகள் இன்றும் அடுக்கடுக்காகப் பாவாடை உடுத்துகிறார்கள், ஊர்க்கணக்கில் ஏழு. கருவாட்டு வாடை ஒத்துவராதவர்கள், 1889 முதல் ஓடும் விஞ்ச் ரயிலில் ஏறிக் குன்றின் உச்சிக்குப் போய்விடலாம்.