எனர்ஜி டாலர்: கழற்றி வையுங்கள், உடைக்காதீர்கள்

கேள்வி: என் அம்மா எட்டு மாதமாக ‘நெகட்டிவ் அயான்’ டாலர் போட்டிருக்கிறார். செல்போன் கதிர்வீச்சைத் தடுக்கும் என்று தெரிந்தவர் ஒருவர் விற்றது. இப்போது அதிலிருந்தே கதிர்வீச்சு வருகிறது என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் டாலரைக் கழற்றச் சொல்லுங்கள். கேள்விப்பட்டது உண்மைதான். இந்த வகை டாலர்கள் பலவற்றில் தோரியம் என்ற கதிர்வீச்சு விடும் உலோகம் கலந்த தாதுப்பொடி இருக்கிறது. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் இப்படிப் பத்துப் பொருள்களை அணிய வேண்டாம் என்று எச்சரித்தது. குழந்தைகளுக்கான கைவளையம் ஒன்றும் அதில் இருந்தது.

பயப்பட வேண்டாம். கழற்றியதுமே கதிர்வீச்சு படுவது நின்றுவிடும், உடம்பில் தங்காது. ஓராண்டு முழுக்க இரவு பகலாகப் போட்டிருந்தால் தோலுக்கான வரம்பைத் தாண்டலாம் என்றுதான் அந்த ஆணையமும் சொன்னது. டாலர் பட்ட இடத்தில் சிவப்போ புண்ணோ இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ‘கதிர்வீச்சை வெளியேற்றும்’ மருந்து என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அயோடின் மாத்திரையும் இதற்கு உதவாது.

விற்றவர் ஒரு சின்ன மீட்டரை டாலருக்குப் பக்கத்தில் வைத்து, எண் ஏறுவதைக் காட்டியிருப்பாரே? “பாருங்கள், எத்தனை அயான்!” என்பார்கள். அயான் என்றால் மின்னூட்டம் ஏறிய அணு. அது எங்கிருந்து வருகிறது? தோரியத்தின் கதிர்வீச்சு பக்கத்துக் காற்றைத் தாக்குவதால் வருகிறது. எண் ஏற ஏற டாலர் வீரியமானது என்று நம்பி வாங்குகிறோம், ஏறுவது கதிர்வீச்சு. செல்போன் அலைக்கு அப்படி அணுவை அயானாக்கும் சக்தியே கிடையாது. இல்லாத ஆபத்தைக் காட்டி இருக்கிற ஆபத்தைக் கழுத்தில் மாட்டுகிறார்கள்.

டாலர் உடைந்திருந்தால் மட்டும் கதை வேறு. தோரியத்தின் ஆல்ஃபா கதிர் தோலைத் தாண்டாது, ஆனால் பொடி மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் அங்கேயே தங்கிக் கதிரை விட்டுக்கொண்டிருக்கும். அதனால் உள்ளே என்ன என்று பார்க்க உடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள். முனை பெயர்ந்திருந்தாலும் கையுறை போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியையும் டாலரோடு பையில் கட்டுங்கள். துடைப்பத்தால் கூட்டவே கூடாது.

முழுசாக இருந்தால் மூடிய டப்பாவில் போட்டு, ஆள் படுக்காத அறையில் வையுங்கள். குப்பையில் போடாமல் அணுசக்திக் கண்காணிப்பு அமைப்புக்கு எழுதுங்கள். நகைதானே என்று சுங்கத்துறையும், மருந்தில்லையே என்று சுகாதாரத்துறையும் விட்டுவிட்டால் இதைச் சோதிக்க யாருமில்லை. விற்பனைக்கு வருமுன் ஒரு கதிர்வீச்சு மீட்டரை வைத்துப் பார்த்திருந்தால் உங்கள் அம்மா எட்டு மாதம் இதைப் போட்டிருக்க மாட்டார். போனில் சொன்னால் போதாது. விற்றவர் பெயர், ரசீது, டாலரின் படம் மூன்றையும் இணைத்து எழுத்தில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான சான்றையும் கேட்டு வாங்குங்கள்.