எல்லா வீட்டுக்கும் ஒரே கதவு எண்

அன்புள்ள ஐயா,

ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்காக வைக்கிற மென்பொருள்) எழுதும் ஒரு குழுவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. முதன்முதலாக ஒரு தரவுப் பிழையைச் சரிசெய்திருக்கிறேன். கோப்பின் நீளத்தைக் குறைத்துவிட்டு உடனே மறுபடி நீட்டினால், பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் பழைய தரவு எட்டிப்பார்க்கிறது. அதே நேரத்தில் இன்னொரு த்ரெட் (நிரலில் இணையாக ஓடும் கிளை) எழுதிக்கொண்டிருந்தால்தான் இப்படி ஆகும். அதுவும் 300 முறைக்கு ஒரு முறை. ரிக்ரஷன் டெஸ்ட் (சரிசெய்த பிழை திரும்பி வந்தால் காட்டிக்கொடுக்கிற சோதனை) இல்லாமல் பேட்சை, அதாவது என் திருத்தத்தை, எடுத்துக்கொள்ள மாட்டோம் என்கிறார்கள். எங்கள் மேலாளரோ, சரிசெய்த பிழை எதற்குத் திரும்பி வரப்போகிறது என்கிறார். எப்போதாவது மட்டும் தோற்கிற டெஸ்டுக்கு மதிப்பு உண்டா? ஷெல்லில் எழுதுவது நல்லதா, சி-யிலா? நான் எழுதியதை இணைத்திருக்கிறேன். பேட்ச் போட்ட கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 50 முறை ஓட்டினேன், எல்லாம் பாஸ். பார்த்துச் சிரிக்காதீர்கள்.

க.

அன்புள்ள க.,

சிரிக்கவில்லை. பல வருடங்களுக்கு முன் நான் எழுதிய டெஸ்ட் ஒன்று இந்த வாரம் முழுக்க மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து உங்களுடையது வந்து சேர்ந்தது. இரண்டுக்கும் முகஜாடை ஒன்றுதான்.

ஷெல்லா, சி-யா என்பதெல்லாம் ஒரு கேள்வியா? உங்களுக்கு அப்புறம் வருகிறவர் படித்தால் புரிகிற எதிலாவது எழுதுங்கள்.

உங்கள் மேலாளருக்கு 2023 டிசம்பரில் நடந்ததைச் சொல்லுங்கள். ஈஎக்ஸ்டி4 என்ற ஃபைல் சிஸ்டத்துக்கான ஒரு திருத்தத்தை லினக்ஸ் கெர்னலின் 6.1.64 பதிப்புக்குக் கொண்டுவந்தார்கள். அது சார்ந்திருந்த இன்னொரு மாற்றம் கூட வரவில்லை. திருத்தம் சரியானதுதான், ஆனால் துணையில்லாமல் வந்ததால் தரவைக் கெடுத்தது. வெளியீட்டு நாளன்று டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் 12.3 பதிப்பை நிறுத்திவைத்தார்கள், மறுநாள் 6.1.66 கெர்னலோடு நேராக 12.4 வந்தது. சரிசெய்த பிழை தானாகத் திரும்பி வராதுதான். நாம்தான் கையைப் பிடித்துக் கூட்டிவருவோம்.

சரி, இப்போது திட்டு. பேட்ச் போட்ட கெர்னலில் 50 முறை பாஸ் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். பேட்ச் போடாத கெர்னலில் எத்தனை முறை ஓட்டினீர்கள்? கடிதத்தில் அந்த எண்ணைக் காணோம். 300-ல் ஒரு முறை வருகிற பிழை 50 ஓட்டத்தில் தலைகாட்டாமலே போக 100-க்கு 85 வாய்ப்பு உண்டு. அதாவது உங்கள் பேட்சைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டியிருந்தாலும் அநேகமாக இதே பெருமைதான் கிடைத்திருக்கும். 900 முறை ஓட்டுங்கள், பிழை இருந்தால் 100-க்கு 95 பிடிபடும். எப்போதாவது தோற்கிற டெஸ்டுக்கு மதிப்பு உண்டா என்று கேட்டீர்களே, இந்தக் கணக்கைத் தலைப்பில் எழுதி வைத்தால் உண்டு. இன்னும் நல்ல வழி, அந்த இரண்டு த்ரெட்களும் மோதிக்கொள்கிற இடைவெளியை அகலப்படுத்துவது. எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் எழுதும் வழியிலேயே வேண்டுமென்று தாமதத்தைப் புகுத்துகிற வசதி இதற்காகவே இருக்கிறது. உங்கள் சிஸ்டத்தில் இல்லையென்றால் டீபக் பில்டில் (பிழை தேடவென்று தனியாகக் கட்டும் பதிப்பில்) நீங்களே ஒன்று வையுங்கள்.

அப்புறம் அந்த 'ஸ்லீப் 5'. தரவு டிஸ்க்குக்குப் போய்ச் சேரட்டும் என்று காத்திருக்கிறீர்களாம். லினக்ஸ் சும்மா விட்டால் புதிதாக எழுதியதை 30 விநாடி வரை நினைவகத்திலேயே வைத்திருக்கும். ஐந்து விநாடி தூங்கி எழுந்து, கேஷிலிருந்து, அதாவது அந்த நினைவகத்திலிருந்தே, படித்து, டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறீர்கள். எஃப்சிங்க் (உடனே டிஸ்க்கில் எழுது என்ற கட்டளை) கொடுங்கள், ஃபைல் சிஸ்டத்தைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள் (அன்மவுண்ட், மவுண்ட்), அதற்கு மேல் படியுங்கள். இதற்குமேல் இதைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

நான் சொல்ல வந்தது உங்கள் டெஸ்டின் நான்காவது வரியைப் பற்றி. கோப்பு முழுவதையும் 'ஏ' என்ற ஒரே எழுத்தால் நிரப்புகிறீர்கள். ஏன்?

ஏன் என்று எனக்கே தெரியும், நானும் அப்படித்தான் செய்தேன். சேமிப்புப் பெட்டிகள் தயாரித்த ஓர் இடத்தில் வேலை பார்த்தேன். கோப்பின் நடுவில் இடம் ஒதுக்கும்போது வந்த ஒரு பிழையைச் சரிசெய்து, டெஸ்டும் எழுதினேன். கோப்பை ஒரே பைட்டால் நிரப்புவது, நடுவில் ஓட்டை குத்துவது (அந்தப் பகுதியின் இடத்தை விடுவிப்பது), மறுபடி நிரப்புவது, படித்துப் பார்ப்பது. இரவுதோறும் ஓடும், காலையில் பச்சை விளக்கு. ஒரு வருடத்துக்கு மேல் பச்சைதான். ஒருநாள் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து கோப்பு ஒன்று வந்தது. அளவு சரி, பிளாக் (கோப்பைச் சேமிக்கும் சம அளவுத் துண்டு) எண்ணிக்கை சரி. ஆனால் உள்ளே ஒரு பிளாக் இருக்க வேண்டிய இடத்தில் அதே கோப்பின் வேறொரு பிளாக் உட்கார்ந்திருந்தது. என் டெஸ்ட் செய்கிற அதே வேலையைத்தான் அவருடைய நிரலும் செய்திருக்கிறது.

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். என்னைவிட மூத்த ஒருவர் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று டெஸ்டைப் படித்தார். "தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே கதவு எண்ணை எழுதிவிட்டு, தபால் சரியான வீட்டுக்குப் போனதா என்று பார்க்கிறாயே" என்றார். திட்டக்கூட இல்லை. காபி ஆறுகிறதே என்பதுபோலச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பிழை ஒவ்வொரு இரவும் என் டெஸ்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது. பிளாக்குகள் இடம் மாறின. எல்லாப் பிளாக்கும் ஒரே மாதிரி இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் திருத்தி எழுதினேன். ஒவ்வொரு 512 பைட்டின் தலையிலும் மூன்று எண்கள்: எந்தக் கோப்பு, அதில் எந்த இடம், எத்தனையாவது தடவை எழுதியது. மீதி இடத்தையும் அந்த எண்களிலிருந்து கணக்கிட்டே நிரப்பினேன். முதல் ஓட்டத்திலேயே சிவப்பு. பிளாக் 88 இருக்க வேண்டிய இடத்தில் பிளாக் 24 இருக்கிறது என்று வந்தது. அடுத்த ஓட்டத்தில் 131-ன் இடத்தில் 67. கழித்துப் பார்த்தால் இரண்டிலும் 64. அந்த 64-ஐ வைத்துக்கொண்டு தேடியபோது குற்றவாளி ஒரு மணி நேரத்தில் கிடைத்தது. நான் சரிசெய்த இடத்துக்கு இருபது வரி கீழே இருந்தது.

இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. ஃபைல் சிஸ்டத்தைச் சோதிக்கிற எஃப்எஸ்எக்ஸ் என்ற பழைய கருவியை ஓட்டியிருப்பீர்கள். அவாடிஸ் டெவேனியன் எழுதியது. 1991-ல் நெக்ஸ்ட் நிறுவனத்தின் பெயரில் பதிப்புரிமைக் குறிப்பு இருக்கும். அது எழுதும் பைட்களில் ஒன்று விட்டு ஒன்றில், எத்தனையாவது செயலில் எழுதியது என்ற எண் (256-ஆல் வகுத்த மீதி) அப்படியே இருக்கும். அதனால்தான் தோற்கும்போது, இந்தக் கெட்ட தரவு இன்ன செயலில் வந்திருக்கலாம் என்று அதனால் சொல்ல முடிகிறது. அப்படி ஒன்று கையில் இருந்தும் நாம் இன்னும் 'ஏ' போட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

பூஜ்யத்தால் நிரப்புகிறவர்கள் இன்னும் மோசம். 2023 நவம்பரில் ஓப்பன் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் தெரியவந்த பிழை நினைவிருக்கும். அப்போதுதான் எழுதிய கோப்பில் எங்கே ஓட்டை, எங்கே தரவு என்று கேட்டால், அரிதாகத் தவறான பதில் வரும். நகலெடுக்கும் நிரல் அதை நம்பி அங்கே பூஜ்யங்களை விட்டுவிடும். புதிதாக வந்த பிளாக் குளோனிங் (நகலெடுக்காமல் பிளாக்குகளைப் பகிர்ந்துகொள்ளும் வசதி) மீதுதான் முதலில் எல்லோருக்கும் சந்தேகம். அதை 2.2.1-ல் அணைத்த பிறகும் பிழை போகவில்லை; பழைய பதிப்புகளிலும் இருந்தது. 2.2.2-லும் 2.1.14-லும்தான் தீர்ந்தது. பூஜ்யத்தை எழுதி, பூஜ்யம் வந்ததா என்று பார்க்கிற டெஸ்ட் இதை எந்தக் காலத்திலும் பிடித்திருக்காது.

உங்கள் பிழைக்கே வருகிறேன். பழைய தரவு எட்டிப்பார்க்கிறது என்கிறீர்கள். யாருடைய பழைய தரவு? அதே கோப்பில் போன தடவை எழுதியதா, இல்லை அழித்துப்போட்ட வேறொருவர் கோப்பிலிருந்து வந்ததா? முதலாவது பிழை. இரண்டாவது என்றால் ஒருவருடைய ரகசியம் இன்னொருவர் கையில். உங்கள் பேட்ச் இரண்டையும் அடைக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் வைக்கவில்லை. 'ஏ' வந்தது என்று மட்டும் சொல்வீர்கள். எந்த 'ஏ'?

எட்டு மாதத்தில் இப்படி ஒரு பிழையைத் தோண்டி எடுத்ததே பெரிய விஷயம். எனக்கு அதற்கு மூன்று வருடம் ஆனது. நான்காவது வரியை மாற்றி, பேட்ச் இல்லாத கெர்னலில் 900 முறை ஓட்டி, முதலில் தோற்ற வெளியீட்டை எனக்கு அனுப்புங்கள். பாஸ் ஆனது எனக்கு வேண்டாம்.