நாடு மாற்றி முன்பதிவு செய்வது பற்றி

வி.பி.என். (இணையத்தில் இருப்பிடத்தை மறைக்கும் சேவை) வழியாக, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையக் கடையில் கணக்கின் நாட்டை மாற்றி, புதிய விளையாட்டை மலிவு விலையில் முன்பதிவு செய்யலாமா, வெளியீட்டோடு முன்பதிவுக்கான 10 சதவீதத் தள்ளுபடி முடிந்துவிடுமே என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்த நாட்டின் கட்டண முறை கையில் இருந்தால்தான் ஸ்டீம் நாட்டை மாற்ற விடும். இருப்பிடத்தை மறைப்பது விதிமீறல், கணக்கையே முடக்கலாம். இத்தனை காலம் சேர்த்த விளையாட்டுகளை ஒரு தள்ளுபடிக்காகப் பணயம் வைப்பானேன்? அதோடு, மலிவு விலைக்காக எல்லோரும் படையெடுத்த அர்ஜென்டினாவிலும் துருக்கியிலும் 2023 நவம்பரிலேயே ஸ்டீம் உள்ளூர் நாணயத்தைக் கைவிட்டு டாலர் விலைக்குப் போய்விட்டது. அங்குள்ள நண்பர் பரிசாக அனுப்பலாமே என்றால், விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால் அதற்கும் தடைதான்.

உங்கள் நாட்டு விலையிலேயே இப்போது முன்பதிவு செய்துவிடுங்கள். வெளியாகும் நாள்வரை எப்போது வேண்டுமானாலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதன் பிறகு வழக்கமான விதி: 14 நாட்களுக்குள் கேட்க வேண்டும், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருக்க வேண்டும். முன்கூட்டியே விளையாட விடும் விலை கூடிய பதிப்பென்றால் (என்னைக் கேட்டால் அதுவே வீண் செலவு) அந்த நேரமும் 2024 முதல் இந்த 2 மணி நேரத்தில் சேர்கிறது.