24 வாரக் கர்ப்பத்தில் கால் வீக்கம்: ரிஃப்ளெக்ஸாலஜி செய்யலாமா?

சாயங்காலமானால் கால் வீங்கிக் கனக்கிறது, தூக்கமும் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பாதத்தில் உள்ள புள்ளிகளை விரலால் அழுத்திவிடும் முறைதான் ரிஃப்ளெக்ஸாலஜி. செய்யலாம் தோழி, ஆனால் முதலில் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்கால் சூடாக இருந்து தொட்டாலே வலி என்றால் யாரையும் அமுக்க விடாதீர்கள். ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே காட்டியாக வேண்டும். முகமும் கையும் திடீரென வீங்கினாலோ, விடாத தலைவலி, பார்வை மங்கல் இருந்தாலோ ரத்த அழுத்தத்தை உடனே பார்க்க வேண்டும்.

அதெல்லாம் இல்லையா, சரி. கர்ப்பிணிகளுக்குச் செய்து பழகியவரிடம் மட்டும் போங்கள். உள் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே உள்ள புள்ளியை அழுத்த வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அது பிரசவ வலியைத் தூண்டும் என்று அக்குபிரஷரில் சொல்வார்கள். வாசனை எண்ணெயும் வேண்டாம்.

எனக்கு ஏழாம் மாதம் செய்தார்கள். இடப்பக்கம் சாய்ந்து, வயிற்றுக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்திருந்தேன். குதிகாலிலிருந்து விரல் வரை கட்டைவிரலால் மெதுவாக ஊர்ந்து வரும்போதே கண் சொருகிவிட்டது. வீக்கம் பெரிதாகக் குறையவில்லை, தூக்கம்தான் வந்தது. வீக்கத்துக்குக் காலை உயர்த்தி வைப்பதும் கொஞ்ச நேர நடையும்தான் உதவின.